எழுநூற்று இருபது டிகிரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது இந்த மாதிரி.
லிங்கராஜபுரம் வார்டு, நாற்பது கிலோ,
நடுரோட்டில் உடைத்த பூசணியின் குங்குமம்
இன்னும் ஒட்டியிருந்தது.
சூட்டடுப்பில் ஒரு நாள் வைத்தேன்.
பாதிக்கு மேல் தண்ணீராகவே போயிற்று.
டீசல் ஊற்றி இந்த நகரம் லாரியில் ஏற்றுவது
பெரும்பாலும் ஈரத்தை.

பிறகு தரையில் குவித்து, நாலாய் வகுந்து,
எதிரெதிர் கால்களை மட்டும் வைத்துக்கொண்டு
மறுபடி குவித்து, மறுபடி வகுந்து,
அரைத்து, சலித்து,
கடைசியில் பத்து மில்லிகிராம்.
சுண்டுவிரல் நகத்தளவுக் கிண்ணத்தில்
ஒரு வார்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
அது சோறு. ஒரே அரிசி, ஒரே உலை.
இதை மூன்று முறை ஓட்டினேன்.
மூன்று கோடும் மூன்று வீட்டுப் பிள்ளைகள்போல
முகம் திருப்பிக்கொண்டு நின்றன.

"எரியுமா எரியாதா, அத மட்டும் சொல்லும்மா"
என்பாள் செல்வமேரி.
உலர்கழிவு மையத்தில் பதினோரு வருடம்.
பால் கவரா எண்ணெய்க் கவரா என்று
கசக்கும் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.
நாற்பது லட்ச ரூபாய் எந்திரம்
அவளைவிட மெதுவாகத்தான் சொல்கிறது.

நைட்ரஜன் ஓடுகிறது.
நிமிடத்துக்குப் பத்து டிகிரி.
நூறில், ஒளித்துவைத்த மிச்ச ஈரம்.
இருநூற்றெண்பதில் லேசாய் ஒரு சரிவு:
வயர் உறை, கிழிந்த ரெக்சின்.
குளோரின் கிளம்பும் இடம்.
சிமெண்ட் ஆலைக்காரர் இங்கே மட்டும்
கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்.
முந்நூற்று நாற்பதில் செங்குத்தாய் விழுகிறது
வாழையிலை, சாமந்தி, அட்டைப்பெட்டி,
யாரோ ஒருவரின் பனியன்.
அப்புறம் கொஞ்சம் சமதரை.
நானூற்றெழுபதில் பால் கவர்கள்
மொத்தமாய்க் கைவிடுகின்றன.

ஐந்நூறு தாண்டினால் நான் டீக்குப் போய்விடுவேன்.
கரி, மண், இனி ஒன்றும் நடக்காது.
அன்று மழை. போகவில்லை.

எழுநூற்று இருபதில்
ஒரு சின்னப் படி.
இரண்டு சதவீதம் இறங்கி நின்றது கோடு.
முட்டை ஓடு.

எங்கள் அடுக்ககத்தில் முட்டை கூடாது.
வாடகை ஒப்பந்தம், ஆறாவது ஷரத்து.
"சாப்பிட மாட்டீங்க இல்லையா?"
"மாட்டோம்" என்று கையெழுத்திட்டவள் நான்.
ஓட்டை நொறுக்கி,
வீணாய்ப்போன வளைவுகள் அச்சான தாளில் மடித்து,
நீலக் கூடையில் காகிதத்தோடு காகிதமாய்ப் போடுகிறேன்
இரண்டு வருடமாய்.
செல்வமேரிக்கு எப்போதோ தெரியும்.
ஒருநாள் ஒரு தாளை நீவி நீட்டினாள்:
"இது உங்க கோடுதான?"
வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஹெப்பார் மேடம் திரையருகே குனிந்தார்.
"இந்தப் படி என்ன?"
என் வீட்டு ஓடுதான் என்று யார் சொல்ல முடியும்?
எத்தனையோ வீட்டு ஆறாவது ஷரத்துகள்
அந்தக் கிண்ணத்தில் ஒன்றாய் வெந்தன.
"வழவழப்பான தாள், மேடம்.
மேல்பூச்சு சுண்ணாம்பு. அதே சூட்டில்தான் பிரியும்."
பொய்யில்லை. தாளும் இருந்தது.
அவர் தலையாட்டினார்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
கால்சியம் கார்பனேட். மூலம், காகிதம்.

சாம்பலை எடைபோட்டேன்.
கிண்ணத்தைச் சுட்டுச் சுத்தம் செய்து
நாளைய வார்டுக்கு வைத்தேன்.

பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
ஆறு முட்டை என்றேன்.
பையன் செய்தித்தாளை எடுத்தான்.
அது வேண்டாம்,
அந்தப் பளபள பத்திரிகை அட்டையைக் கிழித்து
அதில் சுற்றிக் கொடு என்றேன்.